நாக்ஸ் பாதிரியாரும் நம்ம சாம்புவும்

ரொனால்ட் நாக்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். பின்னாளில் பைபிளையே ஆங்கிலத்தில் புதிதாக மொழிபெயர்த்தவர். அதே கையால் துப்பறியும் நாவல்களும் எழுதினார். 1929-ல் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுத உட்கார்ந்தவர், கொலைக்கதைக்கு மோசே பாணியில் பத்துக் கட்டளைகளை எழுதிவிட்டார். கிட்டத்தட்ட நூறு வருஷமாகியும் க்ரைம் கதை பற்றி யார் பேசினாலும் அந்தப் பத்தைத் தொடாமல் போவதில்லை. நான் மட்டும் விடுவேனா?

கட்டளைகள் சுவாரசியமானவை. குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும். ஆனால் அவன் மனசுக்குள் ஓடுவதை வாசகனுக்குக் காட்டியிருக்கக் கூடாது. பேய் பிசாசு கூடாது. ரகசிய அறையோ சுரங்கப் பாதையோ ஒன்றுக்கு மேல் வேண்டாம். இதுவரை யாரும் கண்டுபிடிக்காத விஷம், நீளமாக விஞ்ஞான விளக்கம் கேட்கிற கருவி, இரண்டும் வேண்டாம். தற்செயலாக நடந்த எதுவும் துப்பறிபவனுக்கு உதவக் கூடாது. துப்பறிபவனே கொலைகாரனாக இருக்கக் கூடாது. அவன் கண்ணில் பட்ட தடயம் அப்போதே வாசகன் கண்ணிலும் பட வேண்டும். கூடவே திரியும் வாட்சன் மாதிரி நண்பன் தன் மனசில் பட்டதை மறைக்கக் கூடாது. அவனுக்கு வாசகனைவிட ஒரு மாற்று புத்தி குறைவாக இருக்க வேண்டும். இரட்டைப் பிறவி, ஆள்மாறாட்டம் எல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் செல்லும். இவற்றுக்கு நடுவே, கதையில் சீனாக்காரன் வரவே கூடாது என்றும் ஒரு கட்டளை இருக்கிறது. இன்று படித்தால் பகீரென்கிறது. ஃபு மாஞ்சு கதைகளைப் பார்த்து, ஒரு சீன வில்லனை எடுத்துவிட்டால் போதும் என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதைப் படித்துப் படித்து நாக்ஸுக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்த அலுப்புதான் இங்கே முக்கியம். பலரும் இந்தப் பத்தையும் சட்டப் புத்தகம் போலப் பேசுகிறார்கள்: இன்னார் இந்த விதியை மீறினார், இன்னார் கடைப்பிடித்தார் என்று. எனக்கு இது சட்டமாகத் தெரியவில்லை. ஏமாந்த வாசகன் ஒருவனின் புகார்ப் பட்டியலாகத் தெரிகிறது. இருநூறு பக்கம் மூளையைக் கசக்கிப் படித்தால், கடைசியில் கொலைகாரனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன் இருக்கிறானாம். யாருக்கும் தெரியாத தென்னமெரிக்க விஷமாம். சுவரைத் தட்டினால் சுரங்கமாம். அட போய்யா என்று புத்தகத்தை வீசியெறிந்தவன் எழுதி வைத்த புகார்கள் இவை. அதனால் ஒரு கதை விதியை மீறுகிறதா என்று நான் பார்ப்பதில்லை. விதிக்குப் பின்னால் இருக்கும் புகாருக்கு அந்தக் கதை என்ன பதில் வைத்திருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

நாக்ஸ் மட்டும் தனியாகப் புலம்பவில்லை. அவருக்கு ஒரு வருஷம் முன்னால், 1928-ல், அமெரிக்காவில் எஸ்.எஸ். வான் டைன் இருபது விதிகளை அடுக்கினார். காதல் கூடாது, வேலைக்காரன் கொலைகாரனாக இருக்கக் கூடாது, பிணம் இல்லாமல் நாவல் கூடாது என்று வாத்தியார் பிரம்போடு நிற்கிற தோரணை. இந்தப் பக்கம் 1930-ல் லண்டனில் துப்பறியும் கதை எழுதுகிறவர்களின் டிடெக்ஷன் கிளப் தொடங்கியது. செஸ்டர்டன் முதல் தலைவர். அகதா கிறிஸ்டி, டோரத்தி சேயர்ஸ், அந்தோணி பெர்க்லி எல்லோரும் உறுப்பினர்கள். சேருகிறவர்கள் ஒரு மண்டையோட்டின் மேல் கை வைத்து, தெய்வ அருளையோ தற்செயலையோ நம்பித் துப்பறிய மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். பாதி விளையாட்டு, பாதி நிஜம். வேடிக்கை என்னவென்றால், விதியை நன்றாக மீறியவர்களில் பாதிப் பேர் அந்த மண்டையோட்டின் மேல் கை வைத்தவர்கள்தான்.

இதற்கு மேல் சில கதைகளின் முடிச்சு அவிழும். ஸ்பாய்லர் பிடிக்காதவர்கள் புத்தகப் பெயரைப் பார்த்ததும் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

விதி முதலில் வந்தது, அதை மீறிப் பார்க்கும் சோதனை பிறகு வந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது தலைகீழ். துப்பறியும் கதைகளில் முதலாவது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது எட்கர் ஆலன் போ 1841-ல் எழுதிய ரூ மார்க் கொலைகள். உள்ளே தாழிட்ட அறையில் கொலை. வெளியே நின்று கொலையாளியின் குரலைக் கேட்ட சாட்சிகள் ஆளுக்கொரு மொழி சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வது தனக்குத் தெரியாத ஒரு மொழியை. கடைசியில் கொன்றது மனுஷனே இல்லை, ஒரு ஒராங்குட்டான். நாக்ஸின் பரீட்சையில் இது தேறாது. ஆனால் அந்தச் சாட்சிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள், எவ்வளவு நேர்மையான துப்பு! யாருக்கும் புரியாத மொழி என்றால் அது மொழியே இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? அடுத்து வில்கி காலின்ஸின் மூன்ஸ்டோன், 1868. ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் கொள்ளைபோன வைரம் இங்கிலாந்தில் ஒரு பங்களாவிலிருந்து காணாமல் போகிறது. பெரிய துப்பறியும் சார்ஜெண்ட் வந்து தப்பான முடிவுக்குப் போகிறார். வைரத்தை யார் எடுத்தது என்று மும்முரமாகத் தேடுகிறவனே அபின் மயக்கத்தில் அதை எடுத்தவன், அவனுக்கே அது தெரியாது. ஆக, இந்த வகையைத் தொடங்கி வைத்த பெரியவர்களே பின்னால் வந்த சட்டத்தின்படி குற்றவாளிகள். அவர்கள் செய்து பார்த்ததை மற்றவர்கள் நகலெடுத்து நைந்துபோக வைத்த பிறகுதான் அது மரபாயிற்று.

கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்டு கதையும் அப்படித்தான். அது வந்தது 1926-ல். நாக்ஸின் கட்டளைகள் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால். கொலைகாரன் மனசுக்குள் வாசகனை விடாதே, வாட்சன் எதையும் மறைக்கக் கூடாது என்ற இரண்டு கட்டளைகளையும் படிக்கும்போது, பாதிரியார் ஒரு கண்ணால் அந்த நாவலைப் பார்த்துக்கொண்டே எழுதியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

கதை இதுதான். பக்கத்து வீட்டில் கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ ஓய்வாகப் பூசணிக்காய் வளர்த்துக்கொண்டிருக்கிறார். வழக்கமான தோழர் ஹேஸ்டிங்ஸ் அர்ஜெண்டினாவில். அவர் இடத்தை நிரப்பிக் கதை சொல்கிறவர் ஊர் டாக்டர் ஷெப்பர்டு. கொன்றது அவர்தான். நாவல் வெளியான நாளில் வாசகர்கள் கொதித்தார்கள். இது மோசடி என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று டோரத்தி சேயர்ஸ் மாதிரி ஒரு கட்சி. நான் சேயர்ஸ் கட்சி. ஏனென்றால் டாக்டர் வாசகனிடம் ஒரு இடத்தில்கூட பொய் சொல்வதில்லை. ஆக்ராய்டின் அறைக்குத் தபால் வந்தது எட்டு நாற்பதுக்கு. டாக்டர் வெளியே வந்தது எட்டு ஐம்பதுக்கு. இரண்டு நேரத்தையும் அவரே குறித்துச் சொல்கிறார். நடுவில் இருக்கும் பத்து நிமிஷத்தை மட்டும் பட்டும் படாமலும் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். கொலை அந்த இடைவெளியில் நடந்திருக்கிறது. முதல் தடவை படிக்கும்போது நம் கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாம் தடவை அதே வாக்கியம் பல்லைக் காட்டிச் சிரிக்கும்.

தடயத்தை ஒளிக்காதே என்ற புகாருக்கு கிறிஸ்டி வைத்த பதில் அது. ஒளிக்கவே இல்லை, நேரம் போட்டு மேஜை மேலேயே வைத்திருந்தார். ஒரு கதையை முதல் தடவையைவிட இரண்டாம் தடவை ரசித்துப் படிக்க முடிகிறதா என்பதுதான் நான் வைத்திருக்கும் உரைகல். வெறும் ட்விஸ்ட் கதைக்கு இரண்டாம் வாசிப்பே கிடையாது. 1998-ல் பிரெஞ்சு விமர்சகர் பியேர் பயார், புவாரோவே தப்பு, கொன்றது வேறு ஆள் என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். எழுபது வருஷம் கழித்தும் மறு விசாரணை கேட்க வைக்கிற தீர்ப்பு!

கட்டளைகள் வந்த அதே 1929-ல் அந்தோணி பெர்க்லி இன்னொரு விதமாகக் கைவைத்தார். விஷ சாக்லேட் வழக்கு என்ற நாவல். லண்டன் கிளப் ஒன்றில் ஒரு பிரபுவுக்குத் தபாலில் சாக்லேட் பெட்டி வருகிறது. தனக்கு வேண்டாமென்று பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிடுகிறார். அவர் வீட்டுக்குக் கொண்டுபோக, அவர் மனைவி சாப்பிட்டுச் சாகிறாள். போலீஸ் கைவிரித்த இந்த வழக்கைக் குற்ற ஆராய்ச்சிப் பிரியர்கள் ஆறு பேர் கூடி, ஒரு ராத்திரிக்கு ஒருவராகத் தீர்க்கிறார்கள். ஆறு பேரும் எடுத்துக்கொள்வது அதே வழக்கை; வருவதோ ஆறு கொலைகாரர்கள். ஒவ்வொரு தீர்வையும் கேட்கும்போது இதுதான் சரி என்று நாம் தலையாட்டுவோம், மறுநாள் அது சரியும். பெர்க்லியின் ஆஸ்தான துப்பறிவாளர் ஷெரிங்காமே நாலாவது ஆளாக வந்து தோற்றுப்போகிறார். கடைசியில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சாது ஆசாமிதான் முடிச்சை அவிழ்க்கிறார். நாக்ஸின் கட்டளைகளில் எதையும் இது பெரிதாக மீறவில்லை. ஆனால் எல்லாக் கட்டளைகளுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, தடயங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே விடையைத்தான் காட்டும் என்று, அதைப் போட்டு உடைத்துவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து 1979-ல் கிறிஸ்டியானா பிராண்ட் இதற்கு ஏழாவது தீர்வு எழுதினார். 2016-ல் மார்ட்டின் எட்வர்ட்ஸ் எட்டாவது எழுதினார்.

இனி கொலைகாரன் யார் என்ற கேள்வியையே தூக்கிப் போட்டவர்கள். இதிலும் சோதனை முந்திக்கொண்டது. ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற டாக்டர் 1912-ல் பாடும் எலும்பு என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் ஆஸ்கர் பிராட்ஸ்கி வழக்கு என்று ஒரு கதை. முதல் பாதியில் கொலையை நம் கண் முன்னாலேயே நடத்திக் காட்டிவிடுகிறார். ஸ்டேஷனுக்கு வழி கேட்டு வந்த வைர வியாபாரியை ஒருவன் வீட்டுக்குள் அழைத்துக் கொன்று, ரயில் ஏறட்டும் என்று தண்டவாளத்தில் போடுகிறான். உடைந்த மூக்குக்கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டுபோய்ப் பிணத்தின் பக்கத்தில் கொட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் செத்தவனின் தொப்பி கிடக்கிறது. அதை எரிக்கிறான். இரண்டாம் பாதியில் டாக்டர் தார்ண்டைக் வருகிறார், கையில் ஒரு சின்ன ஆராய்ச்சிப் பெட்டி. கண்ணாடித் துண்டுகளில் சில மூக்குக்கண்ணாடியைச் சேர்ந்தவையே அல்ல, பூவேலை செய்த கிளாஸ் டம்ளரின் சில்லு. பிணத்தின் பல்லிடுக்கில் பிஸ்கட் துகள். இப்படித் துகள் துகளாக அவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதைப் படிக்கிறோம். கொன்றவன் யார் என்று நமக்கு முன்பே தெரியும். ஆனாலும் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாது.

பெர்க்லி இதையும் பிடித்துக்கொண்டு ஃபிரான்சிஸ் ஐல்ஸ் என்ற வேறு பெயரில் 1931-ல் ஒரு நாவல் எழுதினார். மனைவியைக் கொல்ல முடிவெடுத்த ஒரு கிராமத்து டாக்டரின் கதை. அந்த முடிவு முதல் வரியிலேயே வந்துவிடும். அடுத்த வருஷம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் புருஷன் தன்னைக் கொல்லப் போகிறான் என்று தெரிந்துகொள்கிற மனைவியின் பக்கத்திலிருந்து எழுதினார். இதைத்தான் ஹிட்ச்காக் 1941-ல் சஸ்பிஷன் என்று படமாக்கினார். ஆனால் கேரி கிராண்டைக் கொலைகாரனாகக் காட்டலாமா? முடிவை மாற்றிவிட்டார்கள். புத்தகத்தில் துணிந்து செய்ததைத் திரையில் துணியவில்லை. 1977-ல் ரூத் ரெண்டல் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கொட்டினார்: கொன்றவள் யார், செத்தவர்கள் யார், எழுதப் படிக்கத் தெரியாததால்தான் கொன்றாள் என்பது வரை. எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு வேலைக்காரியின் அவமானம் எப்படிப் படிப்படியாகக் கொலையில் முடிகிறது என்று அதற்குப் பிறகுதான் காட்டுகிறார். என் கணக்கில் இந்தக் கிளையின் உச்சம் அதுதான்.

நமக்கு இது புதிதில்லை. 2015-ல் பாபநாசம் படம் பார்த்த கூட்டம், கொன்றது யார் என்று தெரிந்துகொண்டே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பஸ் டிக்கெட்டும் சினிமா டிக்கெட்டும் எப்படிச் சாட்சியாக மாறுகின்றன என்பதை இயக்குநர் ஜீத்து ஜோசப் ஒளிக்காமல் காட்டினார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கடைசி வரை கைக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது தற்செயல் கூடாது என்ற ஆறாவது கட்டளை. இதை உலகத்திலேயே சந்தோஷமாக மீறியவர் நம்ம தேவன். 1942-ல் ஆனந்த விகடனில் தொடங்கிய துப்பறியும் சாம்பு. சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா, ஊரே அசடு என்று முத்திரை குத்திய ஆள். அவர் கண்டுபிடிக்கிறதெல்லாம் கால் தடுக்கி விழுந்ததால்தான். ஏதோ உளறுவார், திருடன் வெலவெலத்துப் போவான். பயந்து ஓடி ஒளிந்த இடத்தில் திருட்டுப்போன நகை இருக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதையெல்லாம் மகா மூளை என்று நம்பி, அடுத்த கேஸையும் தூக்கிக்கொண்டு வருவார். டிடெக்ஷன் கிளப் மண்டையோடு இதைப் பார்த்திருந்தால் தாடை கழன்று விழுந்திருக்கும்.

சாம்புவைப் படித்து யாராவது ஏமாந்தோம் என்று சொல்லிக் கேள்விப்பட்டதுண்டா? இல்லை. காரணம் இருக்கிறது. சாம்புவுக்கு ஒன்றும் தெரியாது என்பது கோபாலனுக்குத் தெரியாது, திருடனுக்குத் தெரியாது, சில சமயம் சாம்புவுக்கே தெரியாது. நமக்கு மட்டும் முதல் வரியிலிருந்தே தெரியும். அதிர்ஷ்டம் எப்படி வரும் என்பதுதான் நாம் காத்திருக்கிற சஸ்பென்ஸ். வழக்கமான துப்பறியும் கதையில் டிடெக்டிவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. தேவன் அந்த ஏற்பாட்டையே திருப்பிப் போட்டார். நகைச்சுவை என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். உருவத்தில் செய்த சோதனை என்று பார்த்தால் ஆக்ராய்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கலாம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை திரும்பப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

அதே கட்டளையை அழ வைக்கும்படி மீறியவர் சுவிட்சர்லாந்தின் டூரென்மாட். 1958-ல் வந்த வாக்குறுதி. துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கற்பா என்று உபதலைப்பே போட்டுவிட்டார். ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள். மத்தேய் என்ற போலீஸ் அதிகாரி, கொலைகாரனைப் பிடிப்பேன் என்று அவள் அம்மாவுக்கு வாக்குக் கொடுக்கிறார். சந்தேகத்தில் பிடிபட்ட தெரு வியாபாரி, விசாரணை தாங்காமல் ஒப்புக்கொண்டு தூக்கில் தொங்கிவிடுகிறான். கேஸ் முடிந்தது என்கிறது இலாகா. மத்தேய் நம்பவில்லை. அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் வரைந்த ஒரு படத்தைப் பிடித்துக்கொள்கிறார். பெரிய ஆள், பெரிய கார், முள்ளம்பன்றி மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள். கொலைகாரன் எந்தச் சாலையில் வருவான் என்று கணக்குப் போட்டு, அங்கே ஒரு பெட்ரோல் பங்க்கை எடுத்து நடத்தி, செத்தவள் சாயலில் ஒரு சிறுமியைக் கூடவே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இரையாக ஒரு குழந்தை! அந்த வயிற்றெரிச்சலோடுதான் படிக்க வேண்டும்.

அவர் போட்ட கணக்கு துளி பிசகவில்லை. கொலைகாரன் கிளம்பியும் விட்டான். வழியில் கார் விபத்தில் செத்துப்போனான். மத்தேய்க்கு அது தெரியாது. குடித்து, சீரழிந்து, பங்க்கிலேயே உட்கார்ந்திருக்கிறார். பல வருஷம் கழித்துச் சாகக் கிடக்கும் ஒரு கிழவி சொல்லித்தான் உண்மை வெளியே வருகிறது. தற்செயல் டிடெக்டிவுக்கு உதவக் கூடாது என்றார் நாக்ஸ். அதே தற்செயல் அவன் காலை வாரிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் டூரென்மாட். இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. இதே கருவை அவர் முதலில் சினிமாவுக்காக எழுதினார். அதில் கொலைகாரன் ஒழுங்காகப் பிடிபடுவான். திருப்தியில்லாமல்தான் உட்கார்ந்து இந்த நாவலை எழுதினார்.

சோதனை என்ற பெயரில் வந்த எல்லாவற்றுக்கும் நான் கை தட்ட மாட்டேன். 1934-ல் கெய்ன்ஸ் ஜாபோன் என்று ஒன்று வந்தது. நூறு பக்கம், வேண்டுமென்றே வரிசை கலைத்து அச்சிட்டது. சரியாக அடுக்கினால் ஆறு கொலைகள், ஆறு கொலையாளிகள். அந்தக் காலத்தில் விடை கண்டவர்கள் இரண்டே பேர். 2019-ல் மறுபதிப்பு வந்து, டிக்டாக்கில் பிரபலமாகி, சுவர் முழுக்கப் பக்கங்களை ஒட்டிக்கொண்டு பலர் உட்கார்ந்தார்கள். குறுக்கெழுத்துப் போட்டி அமைக்கிறவர் செய்த புதிர் என்ற வகையில் பிரமாதம். நாவலா? எந்த வரியும் கதைக்காக எழுதப்படவில்லை, மறைப்பதற்காகவே எழுதப்பட்டது. 1936-லிருந்து டென்னிஸ் வீட்லி வெளியிட்ட கொலைக் கோப்புகளும் இதே ரகம்தான். தந்திகள், நிஜத் தலைமயிர், எரிந்த தீக்குச்சி எல்லாவற்றையும் புத்தகத்துக்குள் ஒட்டி, விடையை முத்திரை போட்டு வைத்தார். காகிதத்தை மாற்றினார்களே தவிர, வாசகனுக்கும் கதைக்கும் நடுவில் இருக்கும் உறவை மாற்றவில்லை.

மாறாக, ஜப்பானில் 2017-ல் மசாஹிரோ இமாமுரா செய்ததைப் பாருங்கள். ஒரு பங்களாவில் மாட்டிக்கொண்ட மாணவர்கள், உள்ளே தாழிட்ட அறைக் கொலைகள். வெளியே போக முடியாததற்குக் காரணம் பனியோ வெள்ளமோ அல்ல, ஜோம்பிக் கூட்டம். பேய் கூடாது என்ற கட்டளைக்கு இதைவிட அவமரியாதை வேண்டுமா? ஆனால் ஜோம்பி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நேரத்தோடு சொல்லிவிடுகிறார். பிறகு அந்தக் குணங்களையே தடயமாக்கித் துப்பறிய விடுகிறார். கடைசிப் பக்கத்தில் திடீரென்று பேயை இறக்குகிறாயே என்பதுதானே பழைய புகார்? இங்கே பேய் முன்கூட்டியே வாசலில் நிற்கிறது.

நம்ம ஊர் மாத நாவலுக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் புத்தகத்துக்கென்று ஒரு மரபு உண்டு. ராஜேஷ்குமார் பிரபலமாக்கிய இரட்டைத் தண்டவாளம். ஒன்றாம் அத்தியாயம் கோவையில் ஒரு டாக்டர். இரண்டாம் அத்தியாயம் சம்பந்தமே இல்லாமல் டெல்லியில் ஒரு பெண். மூன்று மறுபடி கோவை. பழகிய வாசகனுக்குக் கொலைகாரன் யார் என்பது இரண்டாம் பட்சம். இந்த இரண்டும் எங்கே முட்டும் என்பதுதான் அவன் கணக்கு. நாக்ஸுக்கோ வான் டைனுக்கோ கனவிலும் வராத விதி இது. நூறு பக்கத்துக்குள் ஆளைக் கட்டிப்போட வேண்டிய அவசரத்திலிருந்து பிறந்தது. ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் எழுதிய கை அது. சில நாவல்களில் அந்தச் சந்திப்பு அபாரமாக அமையும், சிலவற்றில் இழுத்துக் கட்டியது தெரியும். அவரைப் பார்த்து எழுதியவர்கள் கையில் அது வெறும் அச்சாகிவிட்டது.

சுஜாதா தொடராக எழுதிய கொலையுதிர் காலம் வேறு கதை. பேய்தான் என்று வசந்த் ஒரு பக்கம் இழுக்க, விஞ்ஞானம்தான் என்று கணேஷ் ஒரு பக்கம் இழுக்க, கடைசியில் ஹாலோகிராம் வந்து நிற்கும். நீள விளக்கம் கேட்கும் கருவி கூடாது என்ற கட்டளை நேராக உடைகிறது. ஹாலோகிராம் என்ற பெயரையே அந்தத் தொடரில்தான் முதலில் கேள்விப்பட்ட ஒரு தலைமுறைக்கு அதை முன்கூட்டி ஊகிக்க வழியே இல்லை. என் தீர்ப்பு: நாவலாக அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், புதிராக அது போங்கு. ஆனாலும் அந்த விளக்கத்தை வாய் பிளந்து படித்தோம். அது ஏன் என்று கேட்டால் சுஜாதாவின் நடை என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

சினிமாவில் நமக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். 1954-லேயே எஸ். பாலசந்தர் அந்த நாள் எடுத்தார். பாட்டே கிடையாது. படம் தொடங்கும்போதே சிவாஜி செத்துக் கிடக்கிறார். ஆளுக்கொரு கோணத்தில் கதை சொல்லப்படுகிறது. அன்றைய தமிழ் சினிமா மரபுகளில் எதை விட்டு வைத்தார் என்று தேட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு இன்றைய த்ரில்லர்களுக்கு வந்தால் அலுப்பாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஹீரோ போர்டில் போட்டோ ஒட்டிச் சிவப்பு நூல் கட்டுவார். கடைசி இருபது நிமிஷத்தில், அதுவரை முகமே காட்டாத ஒருவருக்கு ஒரு சோக ஃப்ளாஷ்பேக். அவர்தான் கொலைகாரர். நாம் பார்த்த எந்தக் காட்சியும் அங்கே நம்மைக் கொண்டுபோகவில்லை. இதை ட்விஸ்ட் என்று விளம்பரம் செய்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய தென்னமெரிக்க விஷத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாக்ஸ் இன்று சென்னையில் இருந்தால், சீனாக்காரனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃப்ளாஷ்பேக்கைப் போட்டிருப்பார். மனநோய் இருந்தால் கொலை செய்வான் என்ற சமாதானத்துக்கும் ஒரு கட்டளை ஒதுக்கியிருப்பார்.

தமிழில் க்ரைம் எழுதுகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கொன்றது யார், ஏன் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு, அதற்குப் பிறகு இருநூறு பக்கம் என்னை உட்கார வைக்க முடியுமா என்று பாருங்கள். ஃப்ளாஷ்பேக் கூடாது, இரட்டை வேடம் கூடாது. ஜோம்பி வேண்டுமானால் வரட்டும், ஆனால் மூன்றாம் அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும். எழுதி முடித்தால் சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன்.